புதுக்கோட்டைக் கல்லூரியின் ஒரே மாணவி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்கு ஒரு சேர்க்கை விண்ணப்பம் வந்தது. அதுவரை ஆண்கள் மட்டுமே படித்து வந்த கல்லூரி அது. விண்ணப்பித்தவரோ இருபது வயதைக்கூடத் தொடாத ஒரு பெண். பெயர் முத்துலட்சுமி.

உடனே எதிர்ப்புக் கிளம்பியது. வகுப்பில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அதைவிடக் கூர்மையான காரணம் ஒன்றும் இருந்தது. அந்தப் பெண்ணின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அப்படிப்பட்டவரின் மகளோடு நம் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து படிப்பதா என்பதுதான் பலருடைய மனத்தில் இருந்த கேள்வி.

தந்தை நாராயணசாமி ஐயர் பிராமணர். அதே மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். சந்திரம்மாளைத் துணைவியாக ஏற்றுக்கொண்டதற்காகச் சொந்தக் குடும்பத்தார் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவரின் மகளுக்கே அங்கே இடமில்லை என்ற நிலை வந்தது.

விவகாரம் மன்னரிடம் போனது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கல்விச் சீர்திருத்தத்தில் ஆர்வமுள்ளவர். எதிர்ப்புகளைத் தள்ளிவைத்து, முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். உதவித்தொகையும் வழங்கினார். ஆண்கள் நிறைந்த அந்தக் கல்லூரியில் ஒரே மாணவியாக முத்துலட்சுமி இன்டர்மீடியட் வகுப்பில் உட்கார்ந்தார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஆறாம் படிவப் படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

மன்னர் மனம் வைக்காமல் இருந்திருந்தால் முத்துலட்சுமியின் கல்லூரிப் படிப்பு அந்த விண்ணப்பத்தோடு நின்றிருக்கும். பெண்ணிடம் திறமை இருந்தால் மட்டும் போதாத காலம் அது. அதிகாரத்தில் இருக்கும் யாராவது ஓர் ஆண் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தச் சம்மதத்துக்காகக் காத்துக்கிடக்கும் நிலை தமக்குப் பின்னால் வருகிற பெண்களுக்கு இருக்கக் கூடாது என்பதற்காகவே அவர் பிற்காலத்தில் பெரும்பாலான வேலைகளைச் செய்தார் என்று தோன்றுகிறது.

முத்துலட்சுமி பிறந்தது 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி. பெண் பிள்ளைக்கு எழுத்தும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் போதும் என்று நினைத்த காலத்தில் தந்தை அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளையின் ஆர்வத்தைப் பார்த்த ஆசிரியர்கள், வீட்டில் கேட்டதற்கும் அதிகமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். பருவம் அடைந்ததும் பள்ளிக்குப் போவது நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்தே படித்துத் தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார்.

தாயாருக்கோ மகளுக்குக் காலாகாலத்தில் ஒரு நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்ற கவலை. அந்தக் கவலையைக் குறை சொல்ல முடியாது. தேவதாசி குலத்தில் பிறந்த பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி விடுவதுதான் வழக்கம். கழுத்தில் தாலி ஏறும் வாழ்க்கை அந்தக் குலத்துப் பெண்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று. தமக்குக் கிடைக்காத மரியாதை மகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று சந்திரம்மாள் நினைத்தார். மகளும் அதைத்தான் நினைத்தார். வழிதான் வேறாக இருந்தது.

தந்தை வழி உறவு அறுந்து போனதால் முத்துலட்சுமி தாய் வழி உறவினரிடம் நெருக்கமாக வளர்ந்தார். அங்கே இருந்த பெண்களின் வாழ்க்கையை அவர் பக்கத்திலிருந்தே பார்த்தார். பாட்டு தெரியும், நாட்டியம் தெரியும், சிலருக்கு நிலமும் இருக்கும். ஆனாலும் ஊர் அவர்களைப் பார்க்கும் பார்வை வேறு. பையன்களுக்கு மட்டும்தான் படிப்பு என்று யாராவது பேசினால் சிறுமி முத்துலட்சுமிக்கு உள்ளுக்குள் கோபம் வரும்.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் மகள் பள்ளி ஆசிரியையாகலாம் என்று தந்தை யோசனை சொன்னார். அந்த நாளில் படித்த பெண் செய்யத்தக்க கௌரவமான வேலை அதுதான். முத்துலட்சுமியின் மனம் அதில் நிற்கவில்லை. 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண் முத்துலட்சுமி என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் இன்னும் மூவரும் அங்கே சேர்ந்தார்கள். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவ இடம் கொடுக்க மறுத்தபோது, அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் 1882ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து படித்தார். ஆனால் உடல்நலக் குறைவால் அவரால் படிப்பை முடிக்க முடியவில்லை. கதவை முதலில் தட்டியவர்கள் அவர்கள். ஆயினும் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து, அதுவும் ஊர் ஒதுக்கி வைத்த குடும்பத்திலிருந்து ஒரு பெண் அங்கே போய்ப் பட்டம் வாங்குவது அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியமாகத்தான் இருந்தது.

பெண் மருத்துவர்களின் தேவையும் அப்போது சாதாரணமானதன்று. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று பிரசவ வலியிலும் பெண்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். இந்து வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் இதே நிலைதான். இதற்காகவே மேரி ஷார்லிப் 1885ஆம் ஆண்டு சென்னையில் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான்.

1912ஆம் ஆண்டு முத்துலட்சுமி தங்கப் பதக்கங்களோடு மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் பொறுப்பு கிடைத்தது. அந்தப் பொறுப்பில் அங்கே அமர்ந்த முதல் பெண் அவர்தான். வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அந்த வயதில் ஒரு பெண் கல்யாணம் ஆகாமல் இருந்தால் ஊர் என்னென்ன பேசும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியைக் கைப்பிடித்தார். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து நடந்த திருமணம் அது. அதற்கு முன்பே முத்துலட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம்முடைய விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அந்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றவும் செய்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பிள்ளைகள். நடிகர் ஜெமினி கணேசனும் இந்தக் குடும்பத்து உறவினர்தான். சிறு வயதில் முத்துலட்சுமியின் வீட்டில் தங்கிப் படித்தவர்.

வீடு, பிள்ளைகள், மருத்துவத் தொழில் என்று வாழ்க்கை நல்லபடியாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில் தங்கைக்கு நோய் வந்தது. ஆரம்பத்தில் வேறு ஏதோ கோளாறு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே தங்கை இறந்துபோனார்.

தாம் மருத்துவராக இருந்தும், நகரத்தின் பெரிய மருத்துவர்களையெல்லாம் தெரிந்திருந்தும் கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த வேதனை முத்துலட்சுமியை விட்டு விலகவே இல்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அவர் என்னென்னவோ வேலைகளில் ஈடுபட்டார். ஆனால் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அடியில் கனன்றுகொண்டே இருந்தது.

1925ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் ஆதரவு தந்ததால் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. இங்கேயும் ஒரு பெரிய மனிதரின் சம்மதம் தேவைப்பட்டதைக் கவனிக்கலாம். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றித்தான் முக்கியமாகப் படித்தார். ஆயினும் அங்கிருந்த ராயல் புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய், சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். 1926ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

ஊர் திரும்பிய சில மாதங்களில் எதிர்பாராத அழைப்பு வந்தது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை கொடுக்கப்பட்டிருந்தாலும், சட்டமன்றத்தில் உட்கார 1926ஆம் ஆண்டில்தான் வழி பிறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் போட்டியிட்டுக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பெண்கள் சார்பில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று அடையாற்றில் இயங்கிய இந்திய மாதர் சங்கம் வற்புறுத்தியது. அரசாங்கம் முத்துலட்சுமியைத் தேர்ந்தெடுத்தது.

அவர் முதலில் தயங்கினார். அரசியலில் அவருக்குப் பழக்கமில்லை. நோயாளிகளை விட்டுவிட்டுச் சபைக்குப் போய் உட்கார்ந்தால் தொழில் என்னாவது என்ற கவலையும் இருந்தது. மாதர் சங்கத்துத் தோழிகள் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. 1927ஆம் ஆண்டு தொடங்கியதும் உறுப்பினர்கள் எல்லாரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை ஆண்களும் பேசும் சபையைத் தலைமை நாற்காலியிலிருந்து ஒரு பெண் நடத்தும் காட்சியைச் சென்னை அப்போதுதான் பார்த்தது.

பதவியை அழகுக்கு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. முத்துலட்சுமி அதை மருத்துவரின் பையைப் போல் பயன்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களின் திருமண வயது உயர வேண்டும், முஸ்லிம் மாணவிகளுக்குத் தங்கும் விடுதி வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். இந்தியா முழுவதும் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்து ஊர் ஊராகச் சுற்றினார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொரு விஷயத்தில்.

1927ஆம் ஆண்டு நவம்பரில், சிறுமிகளுக்குக் கோயில்களில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் சபையில் கொண்டுவந்தார். தம்முடைய தாயாரின் குலத்தைப் பற்றிய தீர்மானம் அது. பேசாமல் இருந்திருந்தால் அவருடைய பிறப்பைப் பற்றி யாரும் நினைவுபடுத்தியிருக்க மாட்டார்கள். டாக்டர், சட்டமன்றத் துணைத் தலைவர், கௌரவமான குடும்பத் தலைவி என்ற போர்வைக்குள் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் எழுந்து நின்று பேசியபோது, பழைய கதையையெல்லாம் ஊர் மறுபடி பேசுவதற்குத் தாமே இடம் கொடுத்தார்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் மதத்திலும் மரபிலும் சட்டம் தலையிடக் கூடாது என்றார்கள். அதைவிட முத்துலட்சுமிக்கு வலித்திருக்கக்கூடியது தேவதாசிப் பெண்களிடமிருந்தே வந்த எதிர்ப்பு. அவர்கள் சங்கமாகக் கூடி அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். தங்களுக்குச் சொத்துரிமை உண்டு, பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமை உண்டு, கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறோம், எங்கள் எல்லாரையும் ஒரே தராசில் வைத்து விலைமாதர் என்று சொல்வது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். மற்ற குலத்துப் பெண்களுக்கு அன்று இல்லாத சில உரிமைகள் அவர்களுக்கு இருந்தது உண்மைதான்.

ஆனால் அந்த உரிமைகளுக்குக் கொடுத்த விலை ஒரு சிறுமியின் வாழ்க்கை என்பதை முத்துலட்சுமி விட்டுக்கொடுக்கவில்லை. ஏழெட்டு வயதில் பொட்டுக்கட்டப்படும் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஒரு மருத்துவராக, அந்த வாழ்க்கையின் முடிவில் வரும் நோய்களையும் அவர் பார்த்திருந்தார். தஞ்சைப் பகுதியில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இதே வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அவரும் அதே குலத்திலிருந்து வந்தவர். பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் இந்த முயற்சிக்குத் துணையாக நின்றது.

இந்த விஷயத்தில் முத்துலட்சுமியின் புத்திசாலித்தனம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தில் தெரிகிறது. பொட்டுக்கட்டும் வழக்கம் வெறும் பக்தியால் மட்டும் ஓடவில்லை. அதற்கு அடியில் நிலம் இருந்தது. கோயில் சேவைக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் ஒரு பெண் சேவை செய்தால்தான் அந்த நிலம் கையில் நிற்கும். மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்ற பயத்திலேயே பல தாய்மார்கள் அதைச் செய்தார்கள். இந்து அறநிலையச் சட்டத்தில் கொண்டுவந்த அந்தத் திருத்தம் நிலத்துக்கும் சேவைக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் குடும்பத்திடமே இருக்கும் என்றானது. தாயின் பயத்துக்குக் காரணமாக இருந்ததை முதலில் நீக்கிவிட்டுத்தான் வழக்கத்தின் மேல் கை வைத்தார்.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை அவர் 1930ஆம் ஆண்டு கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் நாட்டு நிலைமை மாறியது. உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947ஆம் ஆண்டில்தான். பதினேழு ஆண்டுகள் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932ஆம் ஆண்டு சதிர் நாட்டியத்தைப் பற்றி முத்துலட்சுமிக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதம் நடந்தது. விருந்துகளில் தேவதாசிகளை ஆடவிடுவதே கூடாது என்பது முத்துலட்சுமியின் கட்சி. கலை வேறு, வழக்கம் வேறு, கலையைக் கொன்றுவிடாதீர்கள் என்பது கிருஷ்ண ஐயரின் கட்சி. பின்னாளில் அந்த நாட்டியம் பரதநாட்டியம் என்ற பெயரோடு மற்ற குலத்துப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்று நம் ஊர்களிலும் பிள்ளைகள் அரங்கேற்றம் செய்கிறார்கள். ஆனால் அதைக் காலங்காலமாகக் காத்து வந்த பெண்களில் பலர் மேடையும் வருமானமும் இழந்து ஒதுங்கினார்கள். சிறுமிகளைக் காப்பாற்றும் வேகத்தில், ஏற்கெனவே அந்த வாழ்க்கையில் இருந்த பெரியவர்களின் பிழைப்பைப் பற்றி முத்துலட்சுமி போதிய அளவு யோசிக்கவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. அதில் நியாயம் இருக்கிறது.

சிறுமிகளின் விஷயத்தில் அவர் பேச்சோடு நிற்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பொட்டுக்கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பிய சில பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைத் தங்கவைக்க முத்துலட்சுமி இடம் தேடினார். எந்த விடுதியும் அவர்களை ஏற்கத் தயாராக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி வாசலில் தமக்கு நடந்ததே மறுபடியும் தம் கண் முன்னால் நடந்தது. இந்த முறை மன்னர் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் இப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். கல்யாணம் வேண்டாம் என்று கல்வியையும் கவிதையையும் துணையாகக் கொண்டு ஊர் சுற்றியதாக நம் மக்கள் சொல்லும் கிழவியின் பெயரை அதற்கு வைத்தார். சில ஆண்டுகளில் இல்லம் அடையாற்றுக்கு மாறியது. ஆதரவற்ற பெண் பிள்ளைகள் என்ன சாதி, யார் மகள் என்று கேட்காமல் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். படித்து ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் வெளியே போனார்கள்.

தங்கையின் நினைவு இன்னும் அப்படியே இருந்தது. 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி வெளிப்படையாகக் கேட்டார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பணம் வரவில்லை. அப்போது புற்றுநோய் என்றால் முடிவு என்றுதான் பொருள். சாகப்போகிறவர்களுக்காக எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் அரசாங்கத்தின் மேல்மட்டத்திலேயே இருந்தது. தங்கையைப் பறிகொடுத்தவரிடம் அப்படிச் சொன்னால் அவர் எப்படி ஏற்பார்?

அரசாங்கம் கைகொடுக்காததால் மக்களிடம் போனார். 1949ஆம் ஆண்டு மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி வீடு வீடாக நன்கொடை கேட்டார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி இதற்குள் மருத்துவராகி, புற்றுநோய் சிகிச்சையில் வெளிநாட்டுப் பயிற்சியும் பெற்றுத் திரும்பியிருந்தார். நல்ல சம்பளத்தில் எங்கும் போயிருக்கக்கூடிய அவர் அம்மாவின் வேலையில் சேர்ந்தார்.

1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் 12 படுக்கைகள். கட்டடம் என்று பெருமையாகச் சொல்ல அதிகம் எதுவும் இல்லை. முத்துலட்சுமிக்கு அப்போது வயது 67. தங்கை இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1956ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

விருதுக்கு முந்தின ஆண்டு நடந்த ஒரு சின்ன விஷயம் மருத்துவமனைக்கு அதைவிடப் பெரிய வரவாக அமைந்தது. சாந்தா என்ற இளம் மருத்துவர் 1955ஆம் ஆண்டு அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். விஞ்ஞானி சர் சி.வி. ராமனின் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் மாணவி. பெண்கள் மருத்துவமனையில் அரசாங்க உத்தியோகம் கையில் இருந்தது. பெண் மருத்துவர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள். புற்றுநோய் அறுவை சிகிச்சை ஆண்களின் துறை. உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு படுக்கை உள்ள இடத்துக்குப் போகிறாளே என்று சுற்றியிருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். சாந்தா கேட்கவில்லை. முத்துலட்சுமியின் வாழ்க்கைதான் தமக்கு வழிகாட்டி என்று அவர் பின்னாளில் பல முறை நினைவுகூர்ந்தார்.

சாந்தா வந்து சேர்ந்தபோது, அவர் பெண் என்பதற்காக அந்த மருத்துவமனையின் வாசலில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ள எந்த மன்னரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை.

கனடா நாட்டின் உதவியால் 1957ஆம் ஆண்டு கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி ஒன்று அடையாற்றுக்கு வந்தது. ஏழை நோயாளிகளிடம் பணம் கேட்காமல் சிகிச்சை கொடுக்கும் வழக்கம் முதல் நாளிலிருந்தே தொடர்ந்தது. மூப்பு வந்த பிறகும் முத்துலட்சுமி அவ்வை இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் போய் வருவதை நிறுத்தவில்லை. 1964ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி முத்துலட்சுமி ரெட்டி காலமானார். 82 வயது நிறைய இன்னும் எட்டு நாள் இருந்தது.

கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அந்த மருத்துவமனையைச் சில நூறு படுக்கைகள் கொண்டதாக வளர்த்தார்கள். சாந்தாவுக்கு 2005ஆம் ஆண்டு மகசேசே விருதும், 2016ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருதும் கிடைத்தன. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே வசித்தார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில், 93 வயதில் இறக்கும் வரைக்கும் அங்கேயேதான் இருந்தார்.